வந்திருந்தால், பார்த்திருப்பேன்: ஹேட் எந்தப் பக்கம், வுட் ஹேவ் எந்தப் பக்கம்?

பொன்னிக்கரை கேட்டது:

பிளஸ் டூ பிள்ளைகளுக்காக ஆங்கில இஃப் வாக்கியப் பயிற்சித் தாள் ஒன்று தயாரித்துக்கொண்டிருக்கிறேன். டைப் 1, டைப் 2 சிக்கலில்லாமல் முடிந்துவிட்டது. நடக்காமல் போன பழைய சங்கதியைச் சொல்லும் டைப் 3-ல்தான் முட்டுகிறது. சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம்: இஃப் பக்கத்தில் ஹேட் + வி3, மறுபக்கத்தில் வுட் ஹேவ் + வி3 (கோ, வென்ட், கான் என்பவை முறையே வி1, வி2, வி3). கோடிட்ட இடம் கொடுத்தால் சரியாக நிரப்புகிறார்கள். சொந்தமாக எழுதச் சொன்னால் “இஃப் ஐ வுட் ஹேவ் நோன், ஐ வுட் ஹேவ் டோல்ட் யூ” என்று இரண்டு பக்கமும் வுட் ஹேவ் வந்துவிடுகிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதல்ல, தனித்தனியாக எழுதினாலும் இதே பிழைதான். ஏன்?

“தமிழில் இருந்தால் என்று வந்தால் ஹேட், இருப்பேன் என்று வந்தால் வுட் ஹேவ்” என்று ஒருவரி விதி எழுதினேன். எழுதிய கையோடு கீழே உள்ள ஐந்து வாக்கியங்களில் அதை வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை.

1. அவன் வந்திருந்தால் சாவி மேசைமேல் இருக்கும்.
2. அவன் இந்நேரம் மதுரை போய்ச் சேர்ந்திருப்பான்.
3. நீ சொல்லியிருந்தால் நான் வந்திருக்கமாட்டேன்.
4. அன்றைக்கே டாக்டரிடம் போயிருந்தால் இப்போது நன்றாக இருப்பேன்.
5. நீ போயிருக்கலாம்.

விதியைத் தூக்கிப் போடுவதா, திருத்தி வைத்துக்கொள்ளலாமா?

எழுத்தாணி:

தூக்கிப் போடாதீர்கள். உங்கள் விதி முக்கால்வாசி சரி. தமிழ்ச் சொல்லை இன்னும் கொஞ்சம் நறுக்கிப் பார்த்தால் மீதியும் சரியாகிவிடும்.

முதலில் பிழையின் காரணம். வந்திருந்தால், பார்த்திருப்பேன் இரண்டிலும் நடுவில் “இரு” உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை காதில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. அதனால் ஆங்கிலத்திலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைக்கிறது. தமிழை ஒட்டித்தான் யோசிக்கிறது, ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அந்த இருவுக்குப் பின்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. இடது பக்கம் இருந்தால்: “ந்த்” இறந்தகால இடைநிலை. வலது பக்கம் இருப்பேன்: “ப்ப்” எதிர்கால இடைநிலை. ஆங்கிலமும் இதையேதான் செய்கிறது. ஹேவின் இறந்தகாலம் ஹேட். வில்லின் மறுவடிவம் வுட்.

இப்போது “நான் வந்திருந்தால் அவனைப் பார்த்திருப்பேன்” என்பதைப் பலகையில் துண்டு துண்டாக எழுதுங்கள்.

வந்து | இரு | ந்த் | ஆல்

இதை வலது கோடியிலிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். ஆல் என்றால் இஃப். ந்த்தும் இருவும் சேர்ந்து ஹேட். வந்து என்றால் கம். நடுவில் எழுவாயைச் செருகினால் “இஃப் ஐ ஹேட் கம்”.

பார்த்து | இரு | ப்ப் | ஏன்

இதையும் கடைசியிலிருந்து. ஏன் என்றால் ஐ. ப்ப் என்றால் வுட். இரு என்றால் ஹேவ். பார்த்து என்றால் சீன். “ஐ வுட் ஹேவ் சீன் ஹிம்.”

தமிழ் வினைமுற்றைக் கண்ணாடியில் பார்த்தால் ஆங்கிலம் தெரிகிறது. வேறெந்தச் சூத்திரமும் இந்த இடத்தில் தமிழ்ப் பிள்ளைக்கு இவ்வளவு உதவாது என்பது என் உறுதியான எண்ணம். எதிர்மறையிலும் இது நிற்கும். வந்து | இருக்க | மாட்டேன்: ஐ வுடன்ட் | ஹேவ் | கம். செயப்பாட்டு வினையிலும் நிற்கும். காப்பாற்ற | பட்டு | இரு | ப்ப் | ஆர்கள்: தே | வுட் | ஹேவ் | பீன் | சேவ்ட். “பட்டு” இருக்கும் இடத்தில் “பீன்” வந்து விழுவதைக் கவனியுங்கள். அஃறிணையில் மட்டும் ஒரு சின்ன மாற்றம். “மழை பெய்திருக்கும்” என்பதில் ப்ப் கிடையாது, “உம்” ஒன்றே காலத்தையும் எழுவாயையும் காட்டுகிறது. அங்கே உம் என்றால் “இட் வுட்” என்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி உங்கள் ஐந்து வாக்கியங்கள்.

முதல் இரண்டும் விழுந்ததற்குக் காரணம் ஒன்றே. தமிழில் “வந்திருந்தால்” என்பது வரவில்லை என்று தெரிந்த பிறகும் சொல்வது, வந்தானா இல்லையா என்று தெரியாதபோதும் சொல்வது. ஆங்கிலம் இந்த இரண்டையும் ஒரே சட்டியில் வைக்காது. ஆகவே மொழிபெயர்க்கும் முன் ஒரு சோதனை: வாக்கியத்தின் கடைசியில் “ஆனால் அப்படி நடக்கவில்லை” என்று ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் டைப் 3. ஒட்டாவிட்டால் ஹேட்டும் வுட் ஹேவும் பக்கத்திலேயே வரக்கூடாது.

“அவன் வந்திருந்தால் சாவி மேசைமேல் இருக்கும், ஆனால் அப்படி நடக்கவில்லை” என்றால் பேச்சு கெட்டுவிடுகிறது. சொல்பவருக்கு விஷயமே இன்னும் தெரியாது, போய்ப் பார்க்கத்தான் சொல்கிறார். எனவே “இஃப் ஹி ஹேஸ் கம், தி கீ வில் பி ஆன் தி டேபிள்”.

இரண்டாவதில் இஃப் பக்கமே இல்லை. அது ஊகம். “ஹி வில் ஹேவ் ரீச்ட் மதுரை பை நவ்”, அல்லது “ஹி மஸ்ட் ஹேவ் ரீச்ட்”. இங்கே தனியாக வுட் ஹேவ் போட்டால் கேட்பவர் “அப்படியானால் போய்ச் சேரவில்லையா, என்ன ஆச்சு?” என்று பதறுவார். வுட் ஹேவ் என்ற இரண்டு சொல்லுக்குள் பெரும்பாலும் “நடக்கவில்லை” என்ற சேதி ஒளிந்திருக்கிறது. பிழையிலேயே ஆபத்தான பிழை இதுதான், ஏனென்றால் இலக்கணம் சரியாகத் தெரியும், சேதி மட்டும் தலைகீழாகப் போய்ச் சேரும்.

மூன்றாவது நேர்வழி: “இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுடன்ட் ஹேவ் கம்.” நடந்தது என்ன? நீ சொல்லவில்லை, நான் வந்துவிட்டேன். இரண்டும் அப்படியே புரண்டிருக்கின்றன.

நான்காவதில் வலப்பக்கம் உள்ள “இருப்பேன்” துணைவினை அல்ல. “நன்றாக” என்ற சொல்லோடு சேர்ந்த முழு வினை, அதாவது “பி”. எனவே “இஃப் ஐ ஹேட் கான் டு தி டாக்டர் தட் டே, ஐ வுட் பி ஆல்ரைட் நவ்”. ஹேவ் வராது. “நன்றாக இருந்திருப்பேன்” என்றிருந்தால் இரு இரண்டு தடவை வருகிறது, அப்போது “வுட் ஹேவ் பீன்”. இருக்களை எண்ணச் சொல்லுங்கள், போதும்.

ஐந்தாவதை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். அது தனிக் கதை.

கூழாங்கல்:

ஐந்தாவதை நான் எடுத்துக்கொள்கிறேன். “போயிருக்கலாம்” இரண்டு முகம் உள்ள சொல்.

“எங்கே காணோம்? கடைக்குப் போயிருக்கலாம்” என்றால் போயும் இருக்கலாம், போகாமலும் இருக்கலாம். “ஹி மைட் ஹேவ் கான் டு தி ஷாப்.” அதே சொல்லை “நீயாவது போயிருக்கலாம், இங்கேயே உட்கார்ந்துவிட்டாய்” என்று சொன்னால் போகவில்லை என்பது முடிவான சேதி. “யூ குட் ஹேவ் கான்.” இழுத்துச் சொன்னால் குறை சொல்வதாகவும் ஆகும். அங்கேயும் குட் ஹேவ்தான்.

“போயிருக்க வேண்டும்” இதைவிட மோசம். “விளக்கு அணைந்திருக்கிறது, தூங்கப் போயிருக்க வேண்டும்” என்றால் “மஸ்ட் ஹேவ் கான்”. “நேற்றே போயிருக்க வேண்டும், சோம்பலில் விட்டுவிட்டேன்” என்றால் “ஷுட் ஹேவ் கான்”. மஸ்ட் ஹேவ் என்றால் நடந்ததாக நம்புகிறோம். ஷுட் ஹேவ் என்றால் நடக்கவில்லை என்று வருந்துகிறோம். ஒரே தமிழ்ச் சொல்லிலிருந்து நேரெதிர் இரண்டு அர்த்தம். எழுத்தாணி சொன்ன “நடக்கவில்லை” சோதனை இங்கேயும் அப்படியே வேலை செய்யும்.

டைப் 3 வாக்கியத்தின் வலப்பக்கத்தில் மஸ்ட் ஹேவ் போடக்கூடாது என்பதையும் தாளில் சேருங்கள். “பஸ் போயிருந்தால் நடந்தே போக வேண்டியிருந்திருக்கும்” என்பதற்கு “ஐ வுட் ஹேவ் ஹேட் டு வாக்”. ஹேவ் ஹேட் என்று இரண்டு சேர்ந்து வருவதைப் பார்த்துப் பிள்ளைகள் ஒன்றை அடித்துவிடுவார்கள். அடிக்கக்கூடாது. முதல் ஹேவ் துணைவினை, ஹேட் டு என்பது “வேண்டியிருந்தது”.

இடப்பக்கமும் இதே கதை. “என்னிடம் பணம் இருந்திருந்தால்”: “இஃப் ஐ ஹேட் ஹேட் தி மனி”. தமிழில் இருந்து-இருந்து என்று இரண்டு தடவை வருவதைச் சுட்டிக்காட்டினால் ஹேட் ஹேட் உறுத்தாது.

அடுத்தது காதில் விழும் சங்கதி. பேச்சில் யாரும் “ஐ ஹேட்”, “ஐ வுட்” என்று முழுசாகச் சொல்வதில்லை. இரண்டும் “ஐட்” என்றுதான் கேட்கும். எழுத்திலும் ஐ-க்குப் பின் ஒற்றை மேற்கோள் குறியும் டி என்ற எழுத்தும் மட்டும்தான் இருக்கும். “இஃப் ஐட் நோன், ஐட் ஹேவ் டோல்ட் யூ.” இதில் எது ஹேட், எது வுட்? அடுத்த சொல்லைப் பாருங்கள். அடுத்து ஹேவ் வந்தால் அது வுட். அடுத்து நேரே வி3 வந்தால் அது ஹேட். அடுத்து வி1 வந்தால் மறுபடி வுட். ஹேட்டுக்குப் பிறகு ஹேவ் வரவே வராது. “இஃப் ஐ ஹேட் ஹேவ் நோன்” என்று எழுதுகிறவர்கள் இந்த “ஐட்”டைத் தப்பாக விரித்தவர்கள்தான்.

வுட் ஹேவ் என்பது வேகமாகச் சொன்னால் “வுடவ்” ஆகிவிடும். ஹேவின் “ஹ” தேய்ந்துபோய் வெறும் “அவ்” மிஞ்சுகிறது. ஆஃப் என்ற சொல்லையும் வேகத்தில் “அவ்” என்றுதான் சொல்வார்கள். அதனால் “வுட் ஆஃப்”, “குட் ஆஃப்” என்று எழுதும் பழக்கம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தாய்மொழிக்காரர்களிடமே உண்டு. அதைச் சரி என்று நினைத்துவிட வேண்டாம். ஆஃப் ஒரு முன்னிடைச்சொல், அதற்கு இங்கே வேலையே இல்லை.

கடைசியாக வி3. எட் சேரும் வினைகளில் பிழை வராது. வி2-வும் வி3-யும் வேறாக இருக்கும் வினைகளில்தான் வழுக்குகிறது: “வுட் ஹேவ் வென்ட்”, “ஹேட் கேம்”, “ஹேட் சா”, “வுட் ஹேவ் ஏட்”. கான், கம், சீன், ஈட்டன், டேக்கன், ரிட்டன், புரோக்கன், சோசன், டிரங்க், பிகன், ரன் இந்தப் பதினொன்றை மட்டும் தாளின் ஓரத்தில் எழுதிப் போடுங்கள். இவற்றில் கம், ரன் இரண்டும் வி1 போலவே இருப்பதால் “இது எப்படி மூன்றாம் வடிவம் ஆகும்?” என்று சந்தேகப்பட்டு கேம், ரேன் என்று மாற்றுவார்கள். நீண்ட பட்டியல் கொடுத்தால் யாரும் படிக்கமாட்டார்கள்.

வடதிசை:

இரண்டு பேரும் நன்றாக விளக்கியிருக்கிறீர்கள். பயிற்சிக்குப் பொருள் வேண்டும் என்றால் உண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எடுங்கள் என்பது என் யோசனை. “நான் மந்திரியாக இருந்திருந்தால்” என்று கற்பனையில் விட்டால், எது நடந்தது எது நடக்கவில்லை என்ற பிடிமானம் பிள்ளைக்குக் கிடைக்காது. டைப் 3-க்கு அடித்தளமே நடந்த உண்மைதான்.

டைட்டானிக் இதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. 1912 ஏப்ரல் 14 இரவு 11.40-க்குப் பனிப்பாறையில் மோதியது. கப்பலில் 2,200 பேருக்கு மேல். உயிர்காக்கும் படகுகள் 20, அவற்றில் மொத்த இடம் 1,178. அந்தப் படகுகளும் நிறையாமலே இறங்கின, பிழைத்தவர்கள் சுமார் 700 பேர். அக்கம்பக்கத்தில் நின்றிருந்த கலிஃபோர்னியன் கப்பலின் வயர்லெஸ் ஆபரேட்டர் மோதலுக்குப் பத்து நிமிடம் முன்னால் கருவியை நிறுத்திவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

முதலில் நடந்ததை இரண்டு சின்ன வாக்கியமாகத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். ஆபரேட்டர் விழித்திருக்கவில்லை. டைட்டானிக்கின் உதவி அழைப்பைக் கேட்கவில்லை. அடுத்து இரண்டையும் புரட்டச் சொல்லுங்கள்: விழித்திருந்திருந்தால், கேட்டிருப்பார். அதற்கப்புறம்தான் ஆங்கிலம்: “இஃப் தி ஆபரேட்டர் ஹேட் ஸ்டேட் அவேக், ஹி வுட் ஹேவ் ஹர்ட் தி கால்.” ஒரு பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு மறுபக்கத்தை அப்படியே விடுவது அடிக்கடி நடக்கும். “இஃப் ஹி ஹேட் ஸ்டேட் அவேக், ஹி வுடன்ட் ஹேவ் ஹர்ட்” என்று எழுதிவிட்டு இலக்கணம் சரிதானே என்று கேட்பார்கள். இலக்கணம் சரி, உண்மை தப்பு.

ஒரு பக்கம் மட்டும் புரளும் இடமும் ஒன்று உண்டு, அது “இருந்தாலும்”. “நீ கூப்பிட்டிருந்தாலும் நான் வந்திருக்கமாட்டேன்.” நடந்தது: நீ கூப்பிடவில்லை, நானும் வரவில்லை. “ஈவன் இஃப் யூ ஹேட் கால்ட் மீ, ஐ வுடன்ட் ஹேவ் கம்.” ஆலுக்கு இஃப், ஆலும் என்றால் ஈவன் இஃப். அந்த ஒரு “உம்” எவ்வளவு வேலை பார்க்கிறது பாருங்கள்.

வுட், குட், மைட் மூன்றையும் பிரித்துக் காட்டவும் டைட்டானிக்கே போதும். ஆபரேட்டர் விழித்திருந்தால் அழைப்பு காதில் விழுந்திருக்கும் என்பது கிட்டத்தட்ட உறுதி, அதனால் வுட் ஹேவ். கலிஃபோர்னியன் நேரத்துக்கு வந்து ஆட்களைக் காப்பாற்றியிருக்குமா என்பது இன்றைக்கும் வாதத்தில் இருக்கிறது, அதனால் “மோர் பீப்பிள் மைட் ஹேவ் பீன் சேவ்ட்”. படகுகளை நிரப்பியிருந்தால் இன்னும் 400 பேருக்கு மேல் ஏறியிருக்க முடியும். அது இடம் இருந்ததா என்ற கணக்கு, அதனால் “ஓவர் 400 மோர் பீப்பிள் குட் ஹேவ் காட் இன்”. இந்த மூன்றில் எதை எழுதுகிறோம் என்பதில் நாம் எவ்வளவு நிச்சயமாக இருக்கிறோம் என்பது வெளிப்பட்டுவிடும். தேர்வில் மார்க் போகாவிட்டாலும் இதைக் கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. மேலே பாய்மரத்தில் காவலிருந்த ஃப்ரெடரிக் ஃப்ளீட்டிடம் அமெரிக்க செனட் விசாரணையில், கையில் பைனாக்குலர் இருந்திருந்தால் பனிப்பாறையை இன்னும் தூரத்திலேயே பார்த்திருக்க முடியுமா என்று கேட்டார்கள். அவர் சொன்ன பதில்: “வி குட் ஹேவ் சீன் இட் அ பிட் சூனர்.” எவ்வளவு முன்னால் என்றதற்கு, ஒதுங்கிப் போகிற அளவுக்கு என்றார். அவர் பதிலில் இஃப் பக்கமே இல்லை. அது கேள்வியிலேயே இருக்கிறது. பேச்சில் டைப் 3 பெரும்பாலும் இப்படிப் பாதி வாக்கியமாகத்தான் வரும். முழு வாக்கியத்தை மட்டுமே பழக்கினால் இந்தப் பாதியைக் கேட்கும்போது பிள்ளைகளுக்குப் பிடிபடாது.

எழுத்தாணி:

வடதிசை சொன்ன அந்தப் பதிலைத் தாளில் அப்படியே வைக்கலாம்.

விட்டுப்போன ஒன்று: “அன்லெஸ்”. “நீ சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது” என்பதற்கு “இஃப் யூ ஹேடன்ட் டோல்ட் மீ, ஐ வுடன்ட் ஹேவ் நோன்”. “-ஆவிட்டால் என்றால் அன்லெஸ்” என்று படித்தவர்கள் “அன்லெஸ் யூ ஹேட் டோல்ட் மீ” என்று போடுவார்கள். அன்லெஸ் இனிமேல் நடக்கக்கூடியதற்குப் பொருந்தும். நடக்காமல் போனதற்குப் பெரும்பாலும் பொருந்தாது. இங்கே இஃப் நாட் மட்டும்தான்.

“இஃப் ஐ வுட் ஹேவ்” என்று அமெரிக்கர்கள் பேசுகிறார்களே என்று யாராவது கேட்பார்கள். பேசுகிறார்கள், உண்மை. ஆனால் தேர்விலும் எழுத்திலும் அது பிழையாகத்தான் கணக்கில் வரும். பிள்ளைகளிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

பொன்னிக்கரை:

கண்ணாடி முறையில் தாளைத் திருப்பி எழுதிவிட்டேன். இருக்களை எண்ணுவதும் சேர்த்தாயிற்று. கடைசிப் பகுதிக்கு இஃப் இல்லாமல் எழுதும் வகையில் மூன்று வாக்கியம் வைத்திருக்கிறேன். சரிபார்த்துச் சொல்லுங்கள்.

“ஹேட் ஐ நோன், ஐ வுட் ஹேவ் வெயிட்டட்.”
“ஹேடன்ட் ஐ சீன் தி போர்டு, ஐ வுட் ஹேவ் காட் இன்டு தி ராங் பஸ்.”
“ஐ விஷ் ஐ வுட் ஹேவ் ஸ்டடீட்.”

கூழாங்கல்:

முதலாவது சரி. இஃப்பை எடுத்துவிட்டு ஹேட்டை முன்னால் கொண்டுவந்தால் அதுவே இஃப்பின் வேலையைச் செய்துவிடும். எழுத்து நடைக்கு ஏற்றது, பேச்சில் குறைவு. இஃப் பக்கம் முன்னால் வருவதால் நடுவில் காற்புள்ளி வேண்டும். “ஐ வுட் ஹேவ் வெயிட்டட் இஃப் ஐ ஹேட் நோன்” என்று திருப்பினால் வேண்டாம்.

இரண்டாவதில் ஹேடன்ட் முன்னால் வரக்கூடாது. ஹேட் மட்டும் முன்னேறும், நாட் தன் இடத்திலேயே நிற்கும்: “ஹேட் ஐ நாட் சீன் தி போர்டு”. ஹேடன்ட் ஐ என்று தொடங்கினால் கேள்வி போல ஒலிக்கும்.

மூன்றாவதில் உங்கள் பிள்ளைகளின் பிழையே வந்துவிட்டது. “படித்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறேன்” என்ற அர்த்தத்துக்கு “ஐ விஷ் ஐ ஹேட் ஸ்டடீட்”. விஷ்ஷுக்குப் பின்னால் வருவது இஃப் பக்கத்தின் பாதி, வலப்பக்கத்தின் பாதி அல்ல. அதனால் ஹேட். தாளில் இதைத் திருத்தாமல் அப்படியே வைத்து, “பிழை எங்கே?” என்று கேள்வியாக்கிவிடுங்கள்.